லாரவெல்ல செக்பொக்ஸ்: ரெண்டு போகம் பாவிச்சுப் பாத்த பிறகு எழுதிறன்

போன காலபோகத்துக்கு முதல்தான் எங்கட கமக்காரர் அமைப்பின்ர அங்கத்தவர் பதிவை நான் லாரவெல்லுக்கு (வெப் சிஸ்டம் கட்டப் பாவிக்கிற ஃப்ரேம்வேர்க், அடித்தளம் மாதிரி) மாத்தினனான், இப்ப சிறுபோகமும் வெட்டி முடிஞ்சு றோட்டுக்கரை எல்லாம் நெல்லுக் காயுது, ரெண்டு போகத்துப் பதிவும் அதுக்குள்ளாலதான் போனது, அதால இனி இதைப் பற்றி எழுதலாம். லாரவெல்லைப் பற்றிப் பொதுவா எழுத கனபேர் இருக்கினம். 2011ல டெய்லர் ஒட்வெல் வெளியில விட்டது, பிஎச்பி எண்ட ப்ரோகிராம் மொழியில ஓடுறது, காசில்லை, இதெல்லாம் தேடினா வரும். நான் எழுதப்போறது ஒரேயொரு விசயம், ஃபோர்மில டிக் போடுற அந்தச் சின்னப் பெட்டி, செக்பொக்ஸ், அது சேர்வருக்கு, பதிவை வாங்கிச் சேமிக்கிற கொம்பியூட்டருக்கு, வந்து சேருற கதை.

எங்கட பதிவு ஃபோர்மில முக்கால்வாசி செக்பொக்ஸ்தான். நெல்லு, உளுந்து, பயறு, கச்சான், எள்ளு, மிளகாய், சோளம் எண்டு பயிர் ஒரு வரிசை, பிறகு கிணறு இருக்கோ, மோட்டர் இருக்கோ, சொந்தக் காணியோ, சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி வேணுமோ. ஒரு பெட்டி பிழைச்சா ஒரு ஆளின்ர போகம் பிழைக்கும். இதை நான் பெருசாக்கிச் சொல்லேல்லை.

முந்தி இருந்த சிஸ்டம் வேற ஆக்களைக் கொண்டு செய்விச்சது, ஆரெண்டு இஞ்ச தேவையில்லை. ஒருநாள் விடிய ஒரு ஐயா சைக்கிளில வந்து இறங்கினார், கரியரில கச்சான் சாக்கு. "தம்பி, நான் மோட்டரை வித்து ரெண்டு வருசமாச்சு, போன முறையும் இல்லையெண்டுதான் சொன்னனான், பிள்ளை எனக்கு முன்னால இருந்துதான் அதை எடுத்துவிட்டது, பேந்தும் ஏன் என்ர பேருக்கு நேர மோட்டர் இருக்கெண்டு கிடக்கு?" எண்டு கேட்டார். மோட்டர் இல்லாத ஆக்களுக்கு அமைப்பின்ர பொது மோட்டரை முறை வைச்சுக் குடுக்கிறது வழக்கம். அந்தப் பட்டியல்ல ஐயா இல்லை. கச்சானுக்குத் தண்ணி இறைக்கிற நேரம் அது, வெய்யில் சரியான வெய்யில், அவர் பக்கத்து வளவில கேட்டு வாங்கித்தான் இறைச்சவராம்.

டேட்டா அடிக்கிற அக்காவை எல்லாரும் பேசிப்போட்டினம். அவ அழாக்குறையா "நான் எடுத்துவிட்டனான் தம்பி, சத்தியமா எடுத்துவிட்டனான்" எண்டு சொன்னா. அவவுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து பாத்தன். ஐயான்ர பக்கத்தைத் திறந்தா, மோட்டருக்கு நேர டிக் இருக்கு. எடுத்துவிட்டா. சேமி எண்டதை அமத்தினா. பச்சை நிறத்தில "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" எண்டு வந்தது. திரும்பத் திறந்தா டிக் அப்பிடியே கிடக்கு. மூண்டு தரம் செய்து பாத்தம், மூண்டு தரமும் அதேதான். அக்காவில ஒரு பிழையும் இல்லை.

ஏன் இப்பிடி நடக்குது எண்டது தெரியாமல் லாரவெல் நல்லதோ கூடாதோ எண்டு கதைக்க ஏலாது, அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். எங்கட கச்சேரியில (மாவட்டச் செயலகம்), கிராம சேவகரிட்ட (ஜிஎஸ்) குடுக்கிற பேப்பர் படிவத்தில "ஆம் / இல்லை, பொருத்தமற்றதை வெட்டிவிடுக" எண்டு இருக்கும். நாங்கள் ஆம் எண்டதை வெட்டினா, இல்லை எண்டு சொன்னதுக்கு அந்தப் பேப்பரிலயே சாட்சி இருக்கு, பேனைக் கோடு. வெப் ஃபோர்மின்ர செக்பொக்ஸ் அப்பிடி இல்லை. டிக் போட்டா, அந்தப் பெட்டியின்ர பேரும் வேல்யூவும் (அதுக்கு எழுதிவைச்ச பெறுமதி) சேர்வருக்குப் போகும். டிக் போடாட்டி ஒண்டுமே போகாது. இல்லை எண்டும் போகாது, சைபர் எண்டும் போகாது, அந்தப் பேரே போகாது. 1995ல எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதிற மொழி) 2.0 வந்தபோதே டிக் போடாத பெட்டி அனுப்பிற டேட்டாவில வரக்கூடாதெண்டுதான் எழுதி வைச்சவை, இண்டைக்கும் எல்லா ப்ரௌசரும் அதைத்தான் செய்யுது. ப்ரௌசர் செய்யிறது பிழை இல்லை. ஆனா சேர்வர்ப் பக்கம் நிக்கிற கோட்டுக்கு "ஐயா இல்லை எண்டு சொன்னவர்" எண்டதும் "ஐயாட்டை ஆரும் கேக்கவேயில்லை" எண்டதும் ஒரே மாதிரித்தான் தெரியும், ரெண்டும் வெறுமை. என்ன கேட்டனாங்கள் எண்டதை எழுதிற ஆள்தான் ஞாபகம் வைச்சிருக்கோணும்.

அந்தப் பழைய கோட் செய்தது இதுதான்: ஃபோர்மில இருந்து வந்த பேர்களை மட்டும் எடுத்து டேட்டாபேஸில மாத்தும். மோட்டர் எண்ட பேர் வரேல்லை, அப்ப மோட்டரைத் தொடாது. பழைய 1, அதாவது ஆம், அப்பிடியே இருக்கும். புதுசாப் பதியேக்க எல்லாம் சரியா வேலை செய்யும், ஏனெண்டா தொடக்கமே 0, அதாவது இல்லை. திருத்தேக்க மட்டும், அதுவும் ஆம் எண்டதை இல்லையெண்டு மாத்தேக்க மட்டும் பிழைக்கும். அதாலதான் செய்து குடுத்தவையின்ர கண்ணிலயும் படேல்லை.

சரி, லாரவெல்லுக்கு வாறன். முதல்ல நல்லதைச் சொல்லுறன், நல்லது கனக்க இருக்கு.

ரிக்வெஸ்டில, அதாவது ப்ரௌசர் அனுப்பினது வந்து நிக்கிற இடத்தில, பூலியன் எண்டொரு மெதட் இருக்கு, ஆம் இல்லை எண்டு பதில் தாற கட்டளை. மோட்டர் எண்ட பேரைக் குடுத்துக் கேட்டா, வந்தது 1 எண்டாலும், "ஓன்" எண்டாலும், "யெஸ்" எண்டாலும், "ட்ரூ" எண்டாலும் ஆம் எண்டு தரும். மிச்சம் எல்லாத்துக்கும், பேரே வராட்டியும், இல்லை எண்டு தரும். இது எனக்குச் சரியான நிம்மதி. ஏனெண்டா செக்பொக்ஸுக்கு வேல்யூ எழுத மறந்தா ப்ரௌசர் தானா "ஓன்" எண்டுதான் அனுப்பும், அதை ஒருத்தர் 1ஓட ஒப்பிட்டுப் பாத்து "டிக் போட்டும் வேலை செய்யேல்லை" எண்டு ஒரு நாளை வீணாக்குவார். பூலியனால கேட்டா அந்தத் தலையிடி இல்லை. ஐயான்ர மோட்டர் பிரச்சினை இந்த ஒரு வரியிலயே தீந்துபோச்சு.

ரெண்டாவது, பயிர் வரிசை. ஒரே பேரில ஏழு பெட்டி வைக்கேக்க பிஎச்பியில பேருக்குப் பின்னால சதுர அடைப்பு [] போடோணும், போடாட்டி டிக் போட்டதுகளில ஃபோர்மில கடைசியா இருக்கிறது மட்டும்தான் மிஞ்சும், முன்னால வந்ததெல்லாம் அழிஞ்சுபோகும். நெல்லும் உளுந்தும் கச்சானும் போட்ட ஆளுக்குக் கச்சான் மட்டும் பதியும். இது லாரவெல்லின்ர குணம் இல்லை, பிஎச்பியின்ர குணம். அடைப்பைப் போட்டிட்டா வரிசையா கைக்கு வரும், பிறகு லாரவெல்லின்ர ஸிங்க் எண்ட மெதட்டுக்குக் குடுத்தா, புதுசா வந்த பயிரைச் சேர்க்கும், வராத பயிரைக் கழட்டும், இருக்கிறதை அப்பிடியே விடும். நான் முந்தி இதைக் கையால எழுதினது, ஒரு பக்கத்துக்கு மேல கோட். இப்ப ஒரு வரி. ஒண்டை மட்டும் மறக்கக் கூடாது: ஆள் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டா வரிசையே வராது, அதால வராட்டி வெறும் வரிசை எண்டு எடு எண்டு நாங்கள் சொல்லிவைக்கோணும். இந்த முறை நோயில உளுந்தை விட்டிட்டு ஒண்டும் போடாமல் இருக்கிற ஆக்கள் எங்களிட்ட இருக்கினம், அவையளுக்கு வெறும் வரிசைதான் உண்மையான பதில்.

பிழை வந்தாச் சொல்லுற வசனங்களையும் தமிழில எழுதி வைக்கலாம், அதுக்கெண்டு தனி ஃபோல்டர் இருக்கு. "தயவுசெய்து ஒரு பயிரையாவது தெரிவுசெய்க" எண்டு அரசாங்கப் படிவம் மாதிரி எழுதாமல் "பயிர் ஒண்டும் போடேல்லையோ? திரும்ப ஒருக்காப் பாருங்கோ" எண்டு எழுதினனான், அக்காவுக்கு அது பிடிச்சுக்கொண்டுது.

இனிக் குறையள். ரெண்டு இடத்தில லாரவெல் ஆளைத் தனிய விட்டிடும்.

ஒண்டு, வலிடேசன் விதி, வந்த டேட்டா சரியோ எண்டு பாக்கிற விதி. பூலியன் எண்ட பேரிலயே ஒரு விதியும் இருக்கு, மெதட்டுக்கும் அதே பேர், விதிக்கும் அதே பேர், ஆனா ரெண்டும் ஒரே ஆள் இல்லை. விதி ஏற்கிறது ட்ரூ, ஃபோல்ஸ், 1, 0 மட்டும். "ஓன்" வந்தா பிழையெண்டு திருப்பிவிடும். அப்ப வேல்யூ எழுதாத செக்பொக்ஸுக்கு டிக் போட்டா பிழை, போடாட்டிச் சரி! பேரைப் பாத்து நம்பிற ஆக்களுக்கு இது பெரிய பொறி, இதுக்கு ஒரு புள்ளி குறைக்கத்தான் வேணும். நான் இப்ப எல்லாச் செக்பொக்ஸுக்கும் வேல்யூ 1 எண்டு எழுதிறன், அதுக்கு மேலால விதி பாக்க முதலே, ஃபோர்ம் ரிக்வெஸ்டில (வந்த ஃபோர்மைச் சரிபாக்கிற கோட்) அதுக்கெண்டு இருக்கிற இடத்தில, மோட்டர், கிணறு, தண்ணி மூண்டையும் பூலியன் மெதட்டால கேட்டு உள்ளுக்குப் போட்டுவிடுறன். அப்பிடிச் செய்தா வராத பேரும் இல்லை எண்டு வந்ததாகவே கணக்கு, அதுக்குப் பிறகு வலிடேட் பண்ணினதை எடுத்து நேர அப்டேட் பண்ணினாலும் ஒண்டும் விடுபடாது. இந்த வேலையைச் செய்யாமல் வலிடேட் பண்ணினதை மட்டும் நம்பினா, வராத பேர் அங்கயும் இருக்காது, ஐயான்ர மோட்டர் திரும்பவும் வந்திடும். புது ஃப்ரேம்வேர்க்குக்கு மாறிட்டம், இனிப் பயமில்லை எண்டு நினைக்கிற ஆக்கள் இதை ஒருக்கா இல்லை, ரெண்டுதரம் வாசியுங்கோ.

மற்றது ஓல்ட் எண்ட ஹெல்பர். ஃபோர்மில வேற எங்கயோ பிழை, உதாரணத்துக்கு அடையாள அட்டை நம்பரில ஒரு இலக்கம் குறைவு எண்டு வைப்பம், பக்கம் திரும்ப வரேக்க அடிச்சதெல்லாம் அழியாமல் இருக்கிறதுக்குத்தான் ஓல்ட். நல்ல விசயம். ஆனா செக்பொக்ஸுக்கு ஓல்ட்டையும் டேட்டாபேஸில இருக்கிற பழைய பதிலையும் சேத்து எழுதினா, அக்கா எடுத்துவிட்ட டிக் திரும்பி வந்திடும், ஏனெண்டா எடுத்துவிட்ட பெட்டி ஓல்ட்டிலயும் இல்லை, இல்லாட்டி டேட்டாபேஸில இருக்கிறதைத் தா எண்டுதான் சொல்லியிருக்கிறம். அக்கா நம்பரைத் திருத்தி, மிச்சத்தைப் பாக்காமல் சேமிப்பா. ஒரு பிழையைத் திருத்தேக்க இன்னொரு பிழை சத்தமில்லாமல் உள்ளுக்குப் போகும். நான் செய்தது, செக்பொக்ஸுக்கு முன்னால அதே பேரில ஒரு ஹிடின் பெட்டி (ஸ்கிரீனில தெரியாதது), வேல்யூ 0. டிக் போட்டா ரெண்டும் போகும், பிஎச்பி கடைசியா வந்ததை எடுக்கும், 1. போடாட்டி 0 மட்டும் போகும். ஆகக் குறைஞ்சது "கேட்டனாங்கள், இல்லையெண்டு சொன்னவை" எண்டது பேப்பரில வெட்டின மாதிரிச் சேர்வருக்கு வந்து சேரும், ஓல்ட்டும் 0 எண்டு சரியாச் சொல்லும். ரெயில்ஸ் எண்ட வேற ஃப்ரேம்வேர்க் பாவிக்கிற ஆக்களுக்கு இதைச் செக்பொக்ஸ் ஹெல்பரே போட்டுத் தரும், லாரவெல்ல நாங்கள்தான் போடோணும். அதையும் உள்ளுக்கே வைச்சுத் தந்திருக்கலாம்.

இதை வாசிச்சிட்டு வேற ஃப்ரேம்வேர்க்குகளில, ஃப்ளாஸ்க்கில எண்டு வைப்பம், அப்பிடியே செய்யப் போயிடாதேங்கோ. ஃப்ளாஸ்க்கில கெட் எண்டு கேட்டா ஒரே பேரில வந்ததில முதலாவதைத்தான் தரும், ஹிடின் பெட்டியின்ர 0தான் எப்பவும் வரும், ஆர் டிக் போட்டாலும் இல்லை எண்டே பதியும். அங்க கெட்லிஸ்ட் எண்டு கேட்டு வரிசையா எடுக்கோணும். ஜாங்கோவின்ர ஃபோர்ம் வராத செக்பொக்ஸைத் தானாவே இல்லை எண்டு எடுக்கும், அது நல்லம், ஆனா பூலியன் ஃபீல்டுக்கு ஒண்டும் சொல்லாட்டி டிக் போட்டே ஆகோணும் எண்டு நிக்கும், மோட்டர் இல்லாத ஆள் பதியவே ஏலாது. எக்ஸ்பிரஸில ஒரு பயிருக்கு டிக் போட்டா வெறும் சொல்லா வரும், ரெண்டுக்குப் போட்டா வரிசையா வரும், ரெண்டையும் பாக்கிற மாதிரி எழுதோணும். ஆக எல்லாரிட்டயும் ஏதோவொரு வளைவு இருக்கு, லாரவெல்லை மட்டும் குறை சொல்ல நியாயமில்லை.

இந்த ஹிடின் வேலையால எனக்கு வந்த ஒரு ஆபத்தையும் சொல்லோணும், இதைச் சொல்லத்தான் முக்கியமா எழுத வெளிக்கிட்டனான். கூட்டத்தண்டு எல்லாரையும் ஒரே பக்கத்தில போட்டு, ஆளுக்கொரு வரிசை, வரிசைக்கு 17 பெட்டி எண்டு ஒரு பெரிய அட்டவணை செய்தனான், அக்கா ஒவ்வொருத்தரையும் கேட்டுக் கேட்டு டிக் போட்டுக்கொண்டு போவா எண்டு. 62 பேர். ஹிடின் இல்லாமல் இருக்கேக்க டிக் போட்டது மட்டும்தான் போகும், நாலைஞ்சு நூறு, ஒரு பிரச்சினையும் இல்லை. ஹிடின் போட்ட பிறகு 62ஐ 17ஆல பெருக்கினா 1054, டிக் போடாட்டியே அவ்வளவும் போகும். பிஎச்பியில மக்ஸ் இன்புட் வார்ஸ் எண்டொரு செட்டிங் இருக்கு, மாத்தாட்டி அது 1000. அதுக்கு மேல வாறதை பிஎச்பி உள்ளுக்கே எடுக்காது. லொக்கில (சேர்வரின்ர குறிப்பேடு) ஒரு எச்சரிக்கை எழுதும், ஸ்கிரீனில ஒண்டும் காட்டாது, லாரவெல் எழும்பி நிக்க முதலே வெட்டு விழுந்திடும், அதால லாரவெல்லும் ஒண்டும் சொல்லாது. பச்சை நிறத்தில அதே "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது".

பின்னேரம் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துப் பாக்கேக்கதான் கண்டன், கீழ்ப் பக்கத்தில, "வ" எண்ட எழுத்தில தொடங்கிற பேர் ஒண்டுக்கும் ஒரு பயிரும் இல்லை, கிணறு இல்லை, தண்ணியும் வேண்டாமாம். அதில ஒருத்தர் எங்கட பெரியப்பா. அவற்ற மிளகாய்த் தோட்டத்துக்குள்ளால நடந்துதான் நான் வேலைக்கு வாறனான். அண்டைக்கு அந்தப் பட்டியல் அப்பிடியே போயிருந்தா அந்த வரிசையில இருந்த ஆக்களுக்குச் சிறுபோகத் தண்ணிக் கணக்கில இடமில்லை. இரவிரவா இருந்து பழைய பேப்பரைப் பாத்து அக்காவும் நானும் திருப்பி அடிச்சம்.

இப்ப அந்த அட்டவணையை 15 பேராப் பிரிச்சுப் பக்கம் பக்கமா வைச்சிருக்கிறன், செட்டிங்கையும் 3000க்குக் கூட்டினனான், அதோட ஃபோர்மின்ர கடைசியில "முடிவு" எண்டொரு ஹிடின் பெட்டி. அது வந்து சேராட்டி ஒண்டையும் சேமிக்காதே, பிழையெண்டு சொல்லு எண்டு எழுதியிருக்கிறன். ஒட்டுசுட்டான் பக்கம் போய் சிக்னலுக்காக ஃபோனைக் கையை உயத்திப் பிடிச்சுக்கொண்டு பதியிற நேரங்களிலயும் இந்தக் கடைசிப் பெட்டி மனத்துக்கு ஒரு தெம்பு.

டெஸ்ட், அதாவது கோட் சரியா வேலை செய்யுதோ எண்டு தானாப் பாக்கிற கோட், எழுத லாரவெல் தாற வசதியையும் விடக்கூடாது. டேட்டாபேஸில மோட்டர் 1 எண்டு ஒரு ஆளை வைச்சு, ஃபோர்மை மோட்டர் எண்ட பேரே இல்லாமல் அனுப்பி, திரும்பப் பாக்கேக்க 0 எண்டு இருக்கோணும். பத்து வரிதான். எங்கட ப்ரொஜெக்டில நான் எழுதின முதல் டெஸ்டே அதுதான், அதுக்கு ஐயான்ர பேரைத்தான் வைச்சிருக்கிறன். அறிவியல் நகர்க் கம்பஸ் பக்கம் படிக்கிற பிள்ளையள் பயிற்சிக்கெண்டு வந்தா முதல்ல அதைத்தான் காட்டுறனான். அதோட, வந்த பயிர்ப் பேர் எங்கட பட்டியல்ல இருக்கிற பயிர்தானோ எண்டு விதி போடவும் சொல்லிக் குடுக்கிறன், பெட்டியில எங்கட வேல்யூ இருந்தாலும் ப்ரௌசரில அதை ஆரும் மாத்தி அனுப்பலாம்.

புள்ளி எண்டு கேட்டா அஞ்சுக்கு நாலு குடுப்பன். செக்பொக்ஸுக்கு மட்டும் எண்டா மூண்டரை. புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு, அதுவும் எங்கட இடங்களில ஒருத்தர் தனிய இருந்து ஒரு அமைப்புக்கோ சங்கத்துக்கோ செய்து குடுக்கிறதெண்டா, தயங்காமல் எடுங்கோ, விளக்கக் குறிப்பு எல்லாம் இங்கிலீசில எண்டாலும் வடிவா விளங்கிற மாதிரி எழுதியிருக்கினம்.

ஒரு விசயத்தில மட்டும் நான் லாரவெல்லையும் கேக்கேல்லை, செக்பொக்ஸையும் கேக்கேல்லை. மோட்டர், சொந்தக் காணி, சிறுபோகத் தண்ணி, இந்த மூண்டுக்கும் பெட்டியை எடுத்துப்போட்டு "ஓம்", "இல்லை" எண்டு ரெண்டு வட்டம் வைச்சிட்டன், ரேடியோ பட்டன். ரெண்டில ஒண்டைத் தொடாமல் சேமிக்க விடாது. தொடக்கத்தில ரெண்டிலயும் புள்ளி இல்லை, அதால அக்கா ஆளைக் கேட்டே ஆகோணும். ஒரு ஆளுக்கு மூண்டு தரம் கூடத் தொடவேணும், நேரம் கொஞ்சம் போகுது, அக்கா முதல் கிழமை புறுபுறுத்தவ. போன வெள்ளிக்கிழமை ஐயா திரும்ப வந்தவர், இந்த முறை மோட்டர் வாங்கிப்போட்டாராம், பழசுதான், பரந்தனில ஆரோ வித்ததாம். அக்கா ஸ்கிரீனை அவற்ற பக்கம் திருப்பி, "ஐயா, உங்கட கையால நீங்களே அமத்துங்கோ" எண்டா. அவர் கண்ணாடியைப் போட்டு, "இல்லை"யில கிடந்த புள்ளியைப் பாத்து, அப்பிடியே "ஓம்" எண்டதில விரலை வைச்சார்.